அப்பாவுக்குக் கால் இளைத்து வயிறு மட்டும் பெருப்பது ஏன்?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு 61 வயது, விவசாயம். மூட்டுவலிக்காக இரண்டு வருடமாகக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். வலிக்கு நன்றாகக் கேட்டது. இப்போது முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் குச்சியாகிவிட்டது. சுகரும் வந்திருக்கிறது. டாக்டர் அது ஸ்டீராய்டு என்கிறார். தேடிப் பார்த்தால் அது டென்ஷன் ஹார்மோன் என்று போட்டிருக்கிறது. ஒரே மாத்திரை எப்படி வயிற்றைப் பெருக்கவும் காலை இளைக்கவும் வைக்கும்? அப்பாவுக்குக் கடன் டென்ஷனும் உண்டு. அதனாலும் இப்படி ஆகுமா?”

விளக்கத்துக்குப் போகும் முன் ஒன்று. பயந்துபோய் அந்த மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள் தம்பி. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை நாளில் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் கையில் இருக்கட்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெருப்பதும் இளைப்பதும் இரண்டு தனித்தனி விளைவுகள் இல்லை. அப்பாவின் தொடையிலும் தோளிலும் இருந்த சதை கரைந்து சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரைக்காகச் சுரந்த இன்சுலின் வயிற்றில் கொழுப்பை அடுக்குகிறது. எடுக்கும் இடம் கால், கொட்டும் இடம் வயிறு. நீங்கள் தேடிப் பார்த்த அந்த டென்ஷன் ஹார்மோனின் பெயர் கார்டிசால்; அப்பாவின் மாத்திரையும் அதே வகைதான். அது உடம்பில் புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுவதுதான் அதன் வேலை.

எங்கிருந்து வருகிறது அது? இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்தது போல அட்ரீனல் என்ற சுரப்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. அதன் நடுப்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. நாய் துரத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். வெளிப்பட்டை மூன்று அடுக்கு. மேலடுக்கு உப்பைக் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோனையும், நடு அடுக்கு நம் கதாநாயகனான கார்டிசாலையும், அடியடுக்கு ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த சிலவற்றையும் செய்கின்றன. மூன்றுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். ஸ்டீராய்டு என்பது அந்த வேதி வடிவத்துக்கான பெயர், அவ்வளவுதான். ஜிம்முக்குப் போகும் பையன்கள் போட்டுக்கொள்கிறார்களே, அதுவும் ஸ்டீராய்டுதான். ஆனால் ஆண் ஹார்மோன் வகை, சதையை வளர்ப்பது. அப்பா சாப்பிட்டது கார்டிசால் வகை, சதையைக் கரைப்பது. பெயர் ஒன்று, வேலை நேரெதிர். இந்தக் குழப்பத்தாலேயே, “ஸ்டீராய்டு போட்டால் உடம்பு தேறும் என்றார்களே” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

அட்ரீனல் தானாகக் கார்டிசாலைச் சுரப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பக்கத்திலிருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்லும். கலெக்டர் தாசில்தாருக்கு, தாசில்தார் விஏஓவுக்கு என்பது போல. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு வந்ததும் அதுவே மேலே போய், “போதும்” என்று இருவர் வாயையும் அடைக்கும். இன்சுலினைப் போல முன்கூட்டியே செய்து மூட்டை கட்டி வைப்பதும் இங்கே கிடையாது. உத்தரவு வந்த பிறகுதான் உலை வைப்பார்கள். நாளுக்குச் சுமார் 10 மில்லிகிராம், அதுவும் ஒரே சீராக இல்லை. நள்ளிரவில் தரைமட்டத்தில் கிடக்கும். பின்னிரவில் ஏறத் தொடங்கி, கண் விழிக்கும் நேரத்தில் உச்சிக்குப் போகும். அப்புறம் பகல் முழுக்க இறங்கும். இந்த 10 மில்லிகிராமை நினைவில் வையுங்கள், மாத்திரைக் கணக்குக்கு வேண்டும்.

இனி அது செய்யும் வேலை. அப்பாவையே எடுத்துக்கொள்வோம், மாத்திரைக்கு முந்தைய அப்பாவை. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் விடிகாலையில் மண்வெட்டியோடு போய் வாய்க்காலில் மடை திருப்பி, வரப்பு அண்டை வெட்டிவிட்டு, பத்து மணிக்குத்தான் பழைய சோற்றில் கை வைக்கிறார். பதினான்கு மணி நேரம். அந்த நேரம் முழுக்க மூளை சர்க்கரை கேட்டுக்கொண்டே இருக்கும். நாளுக்கு 120 கிராம் குளுக்கோஸ், அதாவது மணிக்கு 5 கிராம். நம் உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் சேர்த்து எந்த நேரமும் இருக்கிற சர்க்கரையே 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். மூளை மட்டும் குடித்தால்கூட ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறக்குறைய 100 கிராம். ஒரு நாள் பட்டினிக்கு மேல் தாங்காது. ஆனாலும் அப்பா வயலில் மயங்கி விழவில்லை. காலையில் குத்திப் பார்த்திருந்தால் சுகர் 85, 90 என்றுதான் காட்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. மேட்டூர் நிறைந்து ஜூன் 12-ல் திறந்துவிடும் வருடத்தில் யாரும் ஷட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீர் குறைந்த வருடத்தில்தான் முறை வைப்பார்கள்: இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. முறை வைப்பவர் ஒரு சொட்டுத் தண்ணீரையும் புதிதாகக் கொண்டுவருவதில்லை. ஒரு ஷட்டரை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிறார். கார்டிசால் உடம்பின் முறைக்காரர்.

முதல் ஷட்டர் சதையும் கொழுப்பும். இந்த இரண்டின் செல்களிலும் சர்க்கரையை உள்ளே இழுக்கும் ‘குளூட் 4’ என்ற கதவு உண்டு. இன்சுலின் சொன்னால் அது செல்லின் மேற்பரப்புக்கு வரும். கார்டிசால் அந்தச் சொல்லை மழுங்கடிக்கிறது. சதையும் கொழுப்பும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள, மிஞ்சுவது மூளைக்குப் போகிறது. சுகர்காரர்களிடம் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்று சொல்லிப் பயமுறுத்துகிறோமே, அதுதான் இது. பசித்த உடம்பில் அது நோய் இல்லை, பங்கீடு. அதே நேரத்தில் சதைப் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது, கொழுப்பு கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் உடைகிறது. அமினோ அமிலமும் கிளிசராலும் கல்லீரலுக்குப் போய்ச் சேர, கல்லீரல் அவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது. கொழுப்பு அமிலங்களைச் சதையும் இதயமும் எரித்துக்கொள்கின்றன. செய்த குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாகத் திரும்பக் கல்லீரலிலேயே இருப்பு வைக்கவும் கார்டிசால் வழி செய்கிறது. இந்த வகை ஹார்மோன்களுக்குக் ‘குளுக்கோகார்டிகாய்டு’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

எல்லாம் நிதானமாக நடப்பவை. அட்ரீனலின் நொடிகளில் வேலை செய்யும். கார்டிசாலுக்கு மணிக்கணக்கு. அது கொழுப்பில் கரையும் பொருளாதலால் செல்லின் சுவரைத் தட்டாமலே உள்ளே நுழைந்துவிடும். உள்ளே தனக்கென்று காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவுக்குள் போய், எந்த ஜீனைப் படிக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று மாற்றி எழுதுகிறது. கல்லீரலில் அப்படி அது கூட்டும் நொதிகளில் முக்கியமானது ‘பெப்சிகே’. புதுச் சர்க்கரை செய்யும் பாதையின் நுழைவாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொதி தயாராக நேரம் ஆகும், தயாரானது கலையவும் நேரம் ஆகும். மாத்திரை ரத்தத்தை விட்டுப் போன பின்னும் அதன் வேலை நீடிப்பது இதனால்.

கார்டிசால் இல்லாமலே போனால் என்ன ஆகும்? 1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், அட்ரீனல் அழிந்துபோன நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் காசநோய்தான் சுரப்பியை அரித்தது. நம் நாட்டில் இன்றும் அதை மறந்துவிட முடியாது. உடம்பு இளைக்கும், எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது, பிரஷர் இறங்கும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும், உப்பை அள்ளித் தின்னும் ஆசை வரும். சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் விழும். சுகரை ஏற்றுகிற மற்ற ஹார்மோன்களான அட்ரீனலினும் குளுக்ககானும் இருந்துமா என்று கேட்பீர்கள். அவை இருந்தும் கார்டிசால் இல்லாமல் சரியாக எடுபடுவதில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரவேண்டும் என்றால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. அந்த ஆளை ஏற்பாடு செய்து வைப்பது கார்டிசால். ஆகவே, ‘கெட்ட ஹார்மோன்’ என்று இதைத் திட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். இது இல்லாமல் உயிர் தரிக்க முடியாது.

இதன் சரியான வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் நமக்குக் கோடியக்கரை பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்குகிற வலசைப் பறவைகளுக்குக் கார்டிசாலுக்குப் பதில் கார்டிகோஸ்டிரோன். கூடப்பிறந்தது என்று சொல்லலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் அவை கண்டபடி தின்று கொழுக்கும். அப்போது இந்த ஹார்மோன் மிதமாக ஏறியிருக்கும், இரை தேடும் வேகத்தைக் கூட்டும். பறக்கும்போது அந்தக் கொழுப்பை எரித்தபடியே போகும். கொழுப்பு தீர்ந்து போகிற கட்டத்தில் ஹார்மோன் கிடுகிடுவென்று ஏறி, சதையை உடைத்தாவது கரை சேர்க்கும். கொழுப்பைச் சேர்ப்பதும் அதுதான், சதையைக் கரைப்பதும் அதுதான். எப்போது எது என்பதைக் கூட இருக்கிற மற்ற ஹார்மோன்களும் இரையும் தீர்மானிக்கின்றன.

உங்கள் கேள்வியின் முடிச்சும் இதுதான். பட்டினியில் இன்சுலின் தாழ்ந்திருக்கும். அப்போது கார்டிசால் கொழுப்பைக் கரைக்கும். அப்பா பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் சோறு, நடுவில் டீ. அதன் மேல் மாத்திரை. மேட்டூர் நிரம்பி வழிகிற வருடத்தில் வறட்சிக்கான ஷட்டர் உத்தரவு வந்தால் எப்படி இருக்கும், அப்படி. கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரை செய்கிறது. சதை வாங்க மறுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது. இன்சுலினும் கார்டிசாலும் சேர்ந்து உச்சத்தில் இருந்தால் வயிற்றுக்குள் குடலைச் சுற்றியுள்ள கொழுப்புக்குக் கொண்டாட்டம். அங்கே கார்டிசாலுக்கான ஏற்பிகள் மற்ற இடத்துக் கொழுப்பைவிட அதிகம். புதுக் கொழுப்புச் செல்கள் முளைக்கின்றன, இருப்பவை ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்து ரொப்பிக்கொள்கின்றன. கையிலும் காலிலும் தோலடியில் உள்ள கொழுப்பு இந்த அழைப்புக்கு அப்படிச் செவி சாய்ப்பதில்லை, இருந்ததும் மெலிகிறது.

வயிற்றுக் கொழுப்புக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். ரத்தத்தில் கார்டிசோன் என்ற செயலற்ற வடிவமும் ஓடிக்கொண்டிருக்கும். கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி அதைப் பிடித்துக் கார்டிசாலாக்கிவிடும். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் அந்தத் திசுவுக்குள் மட்டும் அதிகமாக இருக்கலாம். 2001-ல் எலிகளின் கொழுப்பில் மட்டும் இந்த நொதியைக் கூட்டிப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஹார்மோன் ஏறவில்லை. எலிக்குத் தொப்பையும் விழுந்தது, சுகரும் வந்தது.

சிறுநீரகத்தில் இதற்கு எதிர் நொதி ஒன்று காவல் நிற்கிறது. கார்டிசாலைச் செயலற்றதாக்கி, உப்பு விவகாரத்தில் அது மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நாட்டு மருந்துக் கடையில் தொண்டைக்கு வாங்கிச் சப்புகிறோமே அதிமதுரம், அது இந்தக் காவலைத் தூங்க வைக்கும். எப்போதாவது ஒரு துண்டு என்றால் ஒன்றுமில்லை. தினமும் நிறையச் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர்காரர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

அப்பாவின் சதைக்கு வருகிறேன். முதலில் பலமிழப்பவை இடுப்பை ஒட்டிய தொடைச் சதையும் தோள் சதையும். சப்பணம் போட்டு உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியவில்லையா, வயலிலிருந்து வரப்பில் ஏறத் தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். மூட்டுவலி என்று அவர் சொல்வதில் ஒரு பகுதி இந்தப் பலவீனமாகவும் இருக்கலாம். தோலின் புரதமும் கரைவதால் தோல் காகிதமாகி, லேசாக இடித்தாலே நீலம் கட்டும். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். எலும்பைக் கட்டும் செல்கள் அடங்கிப்போய், குடலில் கால்சியம் ஏறுவதும் குறைகிறது. எலும்பு இழப்பு முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கும். முதுகில் திடீர் வலி என்றால் அலட்சியம் வேண்டாம். மூளையில் பசியைத் தூண்டும் நரம்புகளையும் இந்த மருந்து உசுப்பிவிடும். கொழுப்பிலிருந்து “போதும்” என்று வரும் லெப்டின் செய்தியும் மூளையில் சரியாக ஏறாது. சாப்பிட்டு எழுந்த கையோடு அப்பா டப்பாவைத் தேடினால் திட்டாதீர்கள். அது நாக்கின் சபலம் இல்லை.

இதே உருவத்தை, மாத்திரையே இல்லாத காலத்தில், அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பார்த்தார். பிட்யூட்டரியில் சின்னக் கட்டி வந்து ஓயாமல் உத்தரவு போடுவதால் வருவது என்று 1932-ல் எழுதினார். அந்த நோய் அபூர்வம். மாத்திரையால் வருவதோ நம் பக்கம் அபூர்வமே இல்லை.

மாத்திரையின் கதையும் மூட்டில்தான் தொடங்கியது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு, உடம்புக்குள் கார்டிசாலாக மாறும் அந்தக் கார்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஆரம்ப நோயாளிகளுக்கே முகம் உப்பவும் தொடங்கியது. ஆஸ்துமா, குழந்தைகளுக்கு வரும் சில சிறுநீரக நோய்கள், லூபஸ் போன்றவற்றில் இன்றும் இந்த மருந்து உயிர் காக்கிறது. சரியான நோய்க்கு, சரியான அளவில், தேதி போட்டு நிறுத்தும்போது. 61 வயது விவசாயியின் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். தேய்மானத்துக்குத் தினசரி ஸ்டீராய்டு வைத்தியமே இல்லை. வீக்கத்தை அமுக்குவதால் வலி கேட்கிறது. அந்தச் சுகத்துக்காகவே கடைக்காரரை ஊரே கைராசிக்காரர் என்று கொண்டாடும். ‘சுத்த மூலிகை’ என்று விற்கும் சில வலிப் பொடிகளிலும் இதைக் கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் வெளிவந்திருக்கிறது. மூலிகைப் பொடி ஒன்று இரண்டே நாளில் வலியை மாயமாக்கினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இப்போது அந்த 10 மில்லிகிராம் கணக்கு. இந்த வகை மாத்திரைகளில் ஒன்றான பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம் என்பது கார்டிசால் 20 மில்லிகிராமுக்குச் சமம். அதாவது ஒரே சின்ன மாத்திரையில் உடம்பு நாள் முழுக்கச் செய்வதைவிட அதிகம். இதே வகையில் இன்னும் வீரியமான டெக்சாமெத்தசோனோ முக்கால் மில்லிகிராமே அந்த 20-க்குச் சமம். பொட்டலத்தில் கிடப்பது பொடி மாத்திரை என்று அளவை எடை போடாதீர்கள்.

டென்ஷனும் இதைச் செய்யுமா என்று கேட்டீர்களே, இந்த அளவுக்குச் செய்யாது. கடன் கவலை கார்டிசாலை ஏற்றும், உண்மை. ஆனால் ஏறியது இறங்கும். மேலே “போதும்” என்று சொல்லும் அமைப்பு உயிரோடு இருக்கிறது. மாத்திரை அந்த அமைப்பைக் கேட்டு வருவதில்லை. கவலையால் மட்டும் ஒருவருக்கு முகம் நிலா போல உப்பி, ஊதாக் கோடு விழுந்து, தொடை கரைந்து நான் பார்த்ததில்லை. ‘கார்டிசால் முகம்’ என்று கண்ணாடியைப் பார்த்துப் பயந்து வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதுதான். அதைக் குறைக்கிற பானம், பவுடர் என்று விற்பவர்கள் அந்தப் பயத்தில்தான் கல்லா கட்டுகிறார்கள்.

கவலையும் பசியும் சேருகிற விதமும் ஒரே மாதிரி இல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது நினைவிருக்கும். தென்னை சாய்ந்த வீடுகளில் அடுத்த பல நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. துக்க வீட்டிலும் அப்படித்தானே. ஹைப்போதலாமஸ் அட்ரீனலை எழுப்ப அனுப்புகிற முதல் செய்தியே பசியை அடக்கும் தன்மை உள்ளது. அந்த அலை அடங்கிய பிறகு, மிச்சம் நிற்கிற கார்டிசால் பசியைக் கூட்டும், அதுவும் இனிப்பும் எண்ணெயுமாகத் தேடும். அதனால் ஒரே கவலையில் ஒருவர் இளைப்பார், இன்னொருவர் பெருப்பார். மாதக்கணக்கில் இழுக்கும் கவலையில் எடை மெல்ல ஏறுவதற்குக் கார்டிசால் ஒரு காரணம்; நேரம் கெட்ட சாப்பாடும் தூக்கமும் அதைவிடச் சின்னக் காரணங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

தூக்கத்தை அழுத்திச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. 1999-ல் வெளியான சிகாகோ ஆய்வொன்றில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துவிட்டது, சாயங்காலம் இறங்க வேண்டிய கார்டிசால் இறங்காமல் நின்றது. மொத்த அளவைவிட, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குகிறதா என்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். கடைமடையில் முறைத் தண்ணீர் ராத்திரியில் வரும்போது விடிய விடிய மடையடியில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வாரத்தில் காலைச் சுகர் ஏறியிருந்தால் சோற்றை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

சுகர் பார்ப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிரெட்னிசலோனைக் காலையில் சாப்பிட்டால் அதன் வேகம் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை இருக்கும், ராத்திரி தணிந்துவிடும். வெறும் வயிற்றில் பார்த்தால் 100-க்குள் காட்டும், “சுகர் இல்லை” என்று அனுப்பிவிடுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் பாருங்கள், உண்மை அங்கே இருக்கும். அப்பாவுக்கு அப்படிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாத்திரை குறையக் குறையச் சுகர் மருந்தையும் குறைக்க வேண்டி வரும்; இல்லாவிட்டால் சுகர் தாழ்ந்துபோய் வேறு வம்பு.

திடீரென்று ஏன் நிறுத்தக் கூடாது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம். இரண்டு வருடமாக ரத்தத்தில் வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு நிறைந்து கிடந்ததால் கலெக்டரும் தாசில்தாரும் கோப்பை மூடிவிட்டார்கள். வேலை இல்லாத அட்ரீனல் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. மூன்று நாலு வாரத்துக்கு மேல் சாப்பிட்ட யாருக்கும் இது நேரலாம். இந்த நிலையில் மாத்திரையை நிறுத்தினால், அடிசன் விவரித்த நோயாளியைத் திடீரென்று உண்டாக்கியது போல் ஆகும்: வாந்தி, வயிற்றுவலி, பிரஷர் இறக்கம், சுகர் இறக்கம், மயக்கம். கூடவே ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல சுரப்பி அப்படிப்பட்ட நாளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து தாங்கிப் பிடிக்கும். தூங்கும் சுரப்பியால் முடியாது. அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்த்தால் சுரப்பி விழித்துக்கொண்டதா என்று தெரியும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை காய்ச்சல் வந்தாலும், பல் பிடுங்கப் போனாலும், எந்த ஆபரேஷன் என்றாலும், “இவர் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டில் எழுதி வைத்தாலும் நல்லது.

குறைக்கும்போது பழைய வலி திரும்பும், உடம்பு முழுக்க அசதியாக இருக்கும். அப்போதுதான் பலர் மறுபடி அந்தக் கடைக்குப் போகிறார்கள். வலிக்கு வேறு வழி என்ன என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். முகம் முதலில் வடியும், பசி அடங்கும், சுகர் இறங்கும். சிலருக்குச் சுகர் போகாமலே தங்கிவிடுவதும் உண்டு. மாத்திரை அதை முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். தொடைச் சதை கடைசியில்தான் திரும்பும், அதுவும் வேலை கொடுத்தால்தான். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என்று புரதம் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. கூடவே, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழப் பழகச் சொல்லுங்கள். முதல் வாரம் மூன்று தடவை முடிந்தாலே போதும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பொட்டலத்தில் மிச்சம் இருக்கும் மாத்திரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் இல்லாவிட்டாலும் நிறம், வடிவம், நாளுக்கு எத்தனை, எந்த மாதத்திலிருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் அவர் கணக்குப் போடுவார்.